இளஞ்செங்குருந்தமும் அதன் அடையாளமும்

(ஒரகடத்தில் ஆலைத் தொழிலாளரிடையே நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து திருப்பெரும்பூதூர் செல்லும் சாலையும், வண்டலூரிலிருந்து வாலாசாபாத்து செல்லும் சாலையும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இடம் இந்த ஒரகடம். ஏரியும் கழனியுமாய்க் கிடந்த இந்நிலத்தில் இன்று தானுந்துகளும் சரக்குந்துகளும் உருளைப்பட்டைகளும் ஆக்கப்பெறுகின்றன. இங்குள்ள கருவிக்கூடங்களில் பணிபுரிவோர் எஃகைத் தேய்த்து மட்டப்படுத்தும் பொறிகளை நாள்தோறும் இயக்குகின்றனர். அப்பொறிகளில் பூட்டப்பெறும் சாணைக்கற்களுள் பழுப்பு நிறத்தன உண்டு. வெள்ளை நிறத்தன உண்டு. பச்சையும் கருப்பும் உண்டு. இளஞ்சிவப்பாக, செந்தாமரையின் உள்ளிதழ் போன்ற நிறத்தனவும் உண்டு. அந்த இளஞ்சிவப்புச் சாணைக்கல்லைப் பற்றியும், அதே பொருளாலாகிய ஓர் அருமணியைப் பற்றியுமே இன்று பேச்சு.

கொங்குநாட்டுச் சிற்றூர் ஒன்றிலிருந்து இங்கு வேலைக்கு வந்த ஓர் இளைஞரை எண்ணிக் கொள்வோம். காங்கேயத்துக்கு அருகே, சிவன்மலைப் பக்கத்தில் அவர் ஊர். மழை பெய்து ஓய்ந்த பின் களை எடுக்கச் சென்ற அவருடைய தாயார், வரப்போரத்தில் இளஞ்சிவப்பான கல் ஒன்றைக் கண்டெடுத்து முந்தானையில் முடிந்து வருகிறார். ஊருக்குள் வரும் தரகர் அதைப் புரட்டிப் பார்க்கிறார். "இது வெறுங்கல் அம்மா, பார்க்க அழகாயிருக்கிறது, அவ்வளவுதான்" என்று சொல்லிச் சிறுதொகை ஒன்றை நீட்டுகிறார். வெறுங்கல்லாயின் தொகை எதற்கு? பொங்கல் விடுப்புக்குச் சென்ற மகன் கல்லை வாங்கித் தன் பையில் இட்டுக்கொண்டு ஒரகடம் திரும்புகிறார். அக்கல் இன்னதென்று அவர் எவ்வாறு அறிவது? இவ்வினாவுக்கு விடை காண அவர் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. அவர் வேலை செய்யும் கூடத்திலேயே விடையின் பெரும்பகுதி இருக்கிறது.

முதலில் பெயரைக் காண்போம். இளஞ்சிவப்புச் சாணைக்கல் வந்திறங்கும் பெட்டியின்மேலோ அதன் விளக்கத்தாளிலோ சிலவேளை 'கொரண்டம்' என்று ஆங்கில எழுத்தில் அச்சிட்டிருக்கும். அது ஆங்கிலச் சொல்லன்று. நம் குருந்தம் என்னும் சொல்லே கடல்கடந்து சென்று அவ்வாறு திரிந்து வந்திருக்கிறது. ஆங்கில அகரமுதலிகளே அச்சொல்லுக்குத் தமிழ்க் குருந்தத்தை மூலமாகக் காட்டுகின்றன. 1798-ஆம் ஆண்டில் சார்லசு கிரெவில் என்னும் ஆங்கிலேயர், ஆசியாவிலிருந்து வந்த குருந்தக்கல் பற்றி இலண்டன் அரசுக் கழகத்தின் இதழில் ஒரு நீண்ட கட்டுரை வரைந்தார். அதன்பின் அப்பெயர் உலகக் கனிமநூலில் நிலைபெற்றது. கதை அத்துடன் முடியவில்லை. 1890-களில் அமெரிக்காவில் அச்சிசன் என்பார் களிமண்ணையும் கரியையும் மின்னுலையிலிட்டு மிக்க வன்மையுள்ள ஒரு புதுப்பொருளை ஆக்கினார். அதனைக் கரியும் குருந்தமும் கூடிய சேர்மம் எனத் தவறாகக் கருதிக் 'கார்போரண்டம்' என்று பெயரிட்டார். உள்ளபடியே அது கரியும் சிலிக்கனும் சேர்ந்தது. குருந்தம் அதில் அணுவளவும் இல்லை. எனினும் பெயர் நின்றுவிட்டது. அப்பெயரையே தாங்கிய சாணைக்கல் ஆலை 1954-இல் தொடங்கப்பெற்ற குழுமத்தால் சென்னைத் திருவொற்றியூரிலேயே எழுந்தது. தமிழ்நாட்டை விட்டுப் புறப்பட்ட சொல் ஒட்டும் திரிபும் பெற்று, தமிழ்நாட்டுக்கே வேற்றுச்சொல்லாக வந்து சேர்ந்தது. பெட்டியை இறக்கும் தமிழ்த் தொழிலாளி அதனைத் தன் பாட்டன் சொல்லென்று அறியாமலேயே சுமக்கிறான்.

இதைக் கேட்டுப் பெருமிதம் கொள்ளுதல் எளிது. பெருமிதம் மட்டும் கொண்டு இளைஞரின் பையிலுள்ள கல்லை இன்னதென்று சொல்லிவிட முடியாது. சொல்லை மீட்பவன் பொருளையும் மீட்க வேண்டும்.

இப்பெயரிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. குரு என்னும் உரிச்சொல்லுக்கு நிறம் என்று பொருள் உரைக்கிறது தொல்காப்பியம். குருந்தம், குருவிந்தம் ஆகியவை அவ்வடியாகப் பிறந்தவை என்று கொள்வது பொருந்தும். வடமொழிக் குருவிந்தத்தைக் காட்டி மறுப்பாரும் உளர். எவ்வாறாயினும் பழந்தமிழர் மாணிக்க வகைகளைப் பிரித்தது நிறத்தைக் கொண்டே. குருவிந்தம் என்பது அவ்வகைகளுள் ஒன்று. நிறத்தாற் பெயர் பெற்ற இக்கல்லுக்கோ உண்மையில் நிறமே இல்லை! தூய குருந்தம் நீர்போல் நிறமற்றது. அலுமினியமும் உயிர்வளியும் இரண்டுக்கு மூன்று என்னும் அணுக்கணக்கில் சேர்ந்த சேர்மம் அது. அதில் நூற்றுக்கு ஒரு பங்கு என்னுமளவில் அலுமினியத்தின் இடத்தைக் குரோமியம் பற்றினால் கல் செக்கச் சிவந்து மாணிக்கமாகிறது. குரோமியம் அதனினும் குறைந்தால் இளஞ்சிவப்பாகிறது. இரும்பும் தைட்டானியமும் சிறிதளவு கூடினால் நீலமாகிறது. செம்மணியும் நீலமணியும் உடன்பிறந்தவை என்பதை நிறத்தைப் பார்த்து எவர் சொல்லக்கூடும்? கருவிக்கூடத்து இளஞ்சிவப்புச் சாணைக்கல்லுக்கும் இதே குரோமியமே நிறமளிக்கிறது. அங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு: துகள்களைப் பிணைக்கும் பசைக்கே வண்ணம் சேர்த்து விற்கும் கற்களும் உள்ளன. சாணைக்கல்லிலும் நிறம் பொய் சொல்லும்!

நிறத்தை நம்பி ஏமாந்தவர் ஏழை உழவர் மட்டுமல்லர். பிரித்தானியப் பேரரசின் முடியில் முன்புறத்தே பதித்துள்ள பெருஞ்செம்மணி, கறுப்பு இளவரசரின் மாணிக்கம் எனப் பல நூற்றாண்டுகளாய்ப் போற்றப்பெற்றது. அது மாணிக்கமே அன்று. இசுபைனல் என்னும் வேறொரு கனிமம். மக்னீசியமும் அலுமினியமும் உயிர்வளியும் சேர்ந்தது. 1783-இல் உரோமே தெ லீல் என்னும் பிரெஞ்சு அறிஞர் இவ்விரண்டும் வெவ்வேறு கனிமங்கள் என்று பிரித்துக் காட்டினார். அதுவரை மன்னரும் மணிவணிகரும் ஒருசேர மயங்கியே இருந்தனர்.

மயக்கத்தின் விலை என்ன என்பதைத் தமிழர்க்கு எடுத்துரைக்கத் தேவையில்லை. மதுரையில் இரண்டு சிலம்புகள் புறத்தோற்றத்தால் ஒத்திருந்தன. அகத்தே ஒன்றில் முத்து, மற்றொன்றில் மாணிக்கம். பொற்கொல்லன் சொல்லை ஏற்ற அரசன் அகத்தைச் சோதிக்காமலேயே கோவலனைக் கொல்வித்தான். கண்ணகி சிலம்பை உடைத்து உள்ளிருந்த மணியைக் காட்டியபோது உண்மை வெளிப்பட்டது, உயிர் திரும்பவில்லை. அதே காப்பியத்தின் ஊர்காண் காதை மதுரை மணிவீதியில் வயிரத்தின் குற்றங்களையும் மாணிக்கத்தின் வகைகளையும் விரித்துரைக்கிறது என்பதும் எண்ணத்தக்கது. மணியாய்வு தெரிந்த வீதியிருந்த நகரில், ஆய்வு வேண்டிய வேளையில் ஆய்வு நிகழவில்லை.

இனி இளைஞரின் கல்லுக்கு வருவோம். கொங்குநாட்டில் இளஞ்சிவப்பான கல் என்றால் அது என்னென்னவாக இருக்கக்கூடும்? மிகுதியாகக் கிடைப்பது பெல்சுபார். அடுத்தது வெங்கச்சங்கல் என்று ஊரார் வழங்கும் பளிங்கின் இளஞ்சிவப்பு வகை. கார்னெட்டு என்னும் செங்கல்வகை மூன்றாவது. தோரமல்லி என்னும் சிங்களச் சொல்லால் உலகெங்கும் தூர்மலைன் எனப் பெயர்பெற்ற கல்லும் இருக்கலாம், இசுபைனலும் இருக்கலாம். எவரோ எறிந்த கண்ணாடித் துண்டு ஆற்றுமணலில் உருண்டு மழுங்கியதாகவும் இருக்கலாம். இது நகைப்புக்கன்று, இவ்வாறு பலமுறை நேர்ந்ததுண்டு. குருந்தமும் அங்கே உண்டு. சிவன்மலைப் பகுதியிலும், தருமபுரிப் பக்கம் பாப்பாரப்பட்டியிலும், நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் குருந்தம் கிடைப்பது நெடுங்காலமாக அறியப்பட்டது. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த தாமசு ஆலந்து 1898-இல் குருந்தத்துக்கென்றே ஒரு தனிநூல் எழுதினார். சித்தம்பூண்டியில் வெண்பாறையினிடையே செங்குருந்தம் பதிந்து கிடக்கிறது. அவ்வெண்பாறை நிலாவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. ஆதலால் அதனை இடித்துத் தூளாக்கி நிலாமண்ணுக்கு ஒப்பான மண் செய்து, அதன்மேல் சந்திரயான் ஊர்தியை ஓட்டிப் பார்த்தனர் நம் விண்வெளி அறிவியலர். நிலாவை ஒத்த பாறைக்குள் நெருப்பை ஒத்த மணி!

கல்லைக் கையில் எடுத்ததும் அதன் உருவைக் காண்க. உடையாத குருந்தம் அறுபட்டை உடையது. நடுப்பருத்து இருமுனையும் சிறுத்த பீப்பாய் போலவோ, தட்டையான அறுகோண வில்லை போலவோ இருக்கும். அதன் தட்டை முகத்தில் சிறுசிறு முக்கோணக் கோடுகள் தெரிவதுண்டு. பெல்சுபார் உடைந்தால் ஏறத்தாழச் செங்கோணத்தில் இரு வழவழப்பான முகங்கள் தோன்றும். பக்கம் பக்கமாய்ப் பிளப்பது அதன் இயல்பு. குருந்தத்துக்கு அத்தகைய உண்மைப் பிளவு இல்லை. ஆயினும் சில குருந்தங்கள் அடிமுகத்துக்கு இணையாக அடுக்கடுக்காய்ப் பிரிவதுண்டு. அதைப் பிளவென்று மயங்கலாகாது. கார்னெட்டு பன்னிரு முகத்தோடு பந்துபோல் திரண்டிருக்கும். தூர்மலைன் நீளவாட்டில் வரிகளோடு, குறுக்கே வெட்டினால் புடைத்த முக்கோணமாய்க் காணும். ஆற்றில் உருண்ட கல்லில் இவை எல்லாம் தேய்ந்து போயிருக்கும். அப்போது உருவைக் கொண்டு முடிவு கூற இயலாது.

அடுத்தது வன்மை. இவ்விடத்தில் சற்று நின்று பேசவேண்டும்; பலர் வழுக்கி விழும் இடம் இது.

பாடநூல்களில் 'கடினத்தன்மை' என்று எழுதுகின்றனர். வன்மை என்னும் அழகிய சொல் இருக்க அது எதற்கு? வன்மை வேறு, முரியாமை வேறு. ஒரு பொருள் பிறிதொன்றால் கீறப்படாமல் நிற்பது வன்மை. அடித்தால் உடையாமல் தாங்குவது முரியாமை. குருந்தம் வன்மையில் மிக்கது; ஆயினும் சம்மட்டியால் அடித்தால் நொறுங்கும். வயிரமும் அவ்வாறே. "உண்மையான கல் என்றால் சுத்தியலுக்கு அஞ்சாது" என்று சொல்லிக் கல்லை அடித்துப் பார்ப்பவர் ஊர்தோறும் உள்ளனர். அவர்கள் உடைத்தெறிந்த நல்ல மணிகளுக்குக் கணக்கில்லை. வன்மையை அறியக் கீற வேண்டும், அடிக்கக் கூடாது.

1812-இல் செருமானிய அறிஞர் பிரெடரிக்கு மோசு பத்துக் கனிமங்களை வன்மை வரிசையில் நிறுத்தினார். மாக்கல் ஒன்று, பளிங்கு ஏழு, புட்பராகம் என வழங்கும் தோப்பாசு எட்டு, குருந்தம் ஒன்பது, வயிரம் பத்து. இவை படிகளேயன்றி அளவுகள் அல்ல. ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையிலுள்ள தொலைவு ஒன்றுக்கும் ஒன்பதுக்கும் இடையிலுள்ளதைக் காட்டிலும் பெரிது. ஆலையில் எஃகின் வன்மையை அளப்போர் கூம்பு வடிவ வயிரமுனையை எஃகில் அழுத்திப் பள்ளத்தின் ஆழத்தைக் கணக்கிடுவர். அது அழுத்தியறியும் முறை. மோசின் முறை கீறியறிவது. இரண்டும் ஒன்றென்று கொள்ளற்க.

இளைஞர் செய்யவேண்டியது இதுதான். கல்லின் அழகிய முகத்தைத் தொடாமல், அதன் ஓரத்துக் கூரிய முனையைக் கொண்டு ஒரு வெங்கச்சங்கல்லின் வழவழப்பான முகத்தில் அழுத்தி இழுக்க வேண்டும். கோடு விழுந்தால் அதைத் துடைத்துப் பார்க்க வேண்டும். மெல்லிய கல் வல்லிய கல்மேல் உரசும்போது தானே தேய்ந்து வெள்ளைப் பொடியாகக் கோடு இடும். அது கீறலன்று, ஈர விரலால் துடைத்தால் மறைந்துவிடும். உண்மைக் கீறலாயின் துடைத்த பின்னும் நிற்கும். நகத்தால் வருடினால் தட்டுப்படும். வெங்கச்சங்கல்லில் கீறல் விழாவிடில் அவர் கல் பெல்சுபாரோ கண்ணாடியோ ஆகலாம். அவை சாதாரண அரத்துக்கே இணங்கிவிடும். கீறல் எளிதில் ஆழமாய் விழுந்தால் குருந்தம் அல்லது இசுபைனல். கார்னெட்டும் சிறிது கீறும். இனிக் கருவிக்கூடத்து உதவி வருகிறது. தேய்ந்து கழித்த இளஞ்சிவப்புச் சாணைக்கல் துண்டு ஒன்றையும், பச்சைச் சாணைக்கல் துண்டு ஒன்றையும் எடுத்துக்கொள்ள வேண்டும். இளஞ்சிவப்பு குருந்தத் துகளாலானது. பச்சை, அச்சிசன் கண்ட சிலிக்கன் கரியகத்தால் ஆனது, குருந்தத்தினும் சற்று வன்மை மிக்கது. கல்லின் பின்புறத்தை முதல் துண்டு கீறத் திணறி, இரண்டாவது துண்டு கீறுமாயின் கல் பெரும்பாலும் குருந்தமே. இதனைக் கையால் மட்டுமே செய்க; சுழலும் சாணையில் கல்லை ஒருபோதும் பிடிக்கற்க. கல் சிதறிக் கண்ணுக்குக் கேடு விளையும். பட்டை தீட்டிய நகைக்கல்லாயின் கீறும் ஆய்வே வேண்டா.

சாணை பிடிப்போர் அரக்கை உருக்கிக் குருந்தத்தூளைக் கலந்து வட்டமாக வார்த்துப் பழங்காலத்திலிருந்தே அறிந்திருந்த நுட்பமும் இதுவே. வாளையும் மணியையும் தீட்டியது அவ்வட்டம். நொய்யற்கரைக் கொடுமணலில் 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வுகளில் பளிங்கும் சூதுபவளமும் பிறவுமான மணிகள், செய்து முடித்தனவும் முடியாதனவுமாகக் கிடைத்தன. பதிற்றுப்பத்து போற்றும் கொடுமணம் அவ்வூரே என்பர். பளிங்கைத் தேய்க்கப் பளிங்கினும் வன்மையான பொருள் வேண்டுமன்றோ? குருந்தம் அந்நிலப்பகுதியிலேயே கிடைத்தது.

மூன்றாவது ஆய்வு எடை. ஏமாற்ற முடியாத ஆய்வு என்று இதனைச் சொல்லலாம். கையில் வைத்தாலே குருந்தம் தன் அளவுக்கு மீறிக் கனக்கும். ஆயினும் கை சான்றாகாது, துலை வேண்டும். ஒரகடத்து ஆய்வுக்கூடங்களில் நூற்றில் ஒரு பங்கு கிராம் காட்டும் துலைகள் உள்ளன. கல்லை முதலில் அப்படியே நிறுக்க வேண்டும். பின்னர் மெல்லிய இழையால் கட்டி, நீருள் முழுதும் அமிழுமாறு தொங்கவிட்டு நிறுக்க வேண்டும். நீருள் எடை குறையும். குறைந்த எடையால் முதல் எடையை வகுத்தால் வருவது ஒப்படர்த்தி. நீரைக் காட்டிலும் அக்கல் எத்தனை மடங்கு செறிந்தது என்பது. சிரக்கூசு நகரத்து ஆர்க்கிமிடீசு ஈராயிரத்திருநூறு ஆண்டுகளுக்கு முன் கண்ட நெறி இது.

இளைஞரின் கல் 8 கிராம் எனக் கொள்வோம். அது குருந்தமாயின் நீருள் 6 கிராம் காட்டும். குறைவு 2, எட்டை இரண்டால் வகுக்க 4. அதே 8 கிராம் எடையுள்ள இசுபைனல் நீருள் ஏறத்தாழ 5.78 கிராம் காட்டும், ஒப்படர்த்தி 3.60. தூர்மலைன் 3.06 அளவில் நிற்கும். இளஞ்சிவப்புப் பளிங்கு 2.65, பெல்சுபார் 2.56. இத்தனை வேறுபாடுள்ள எண்களை எந்தத் தரகரின் நாவாலும் மாற்ற முடியாது. கல்லோடு ஒட்டிய வேற்றுப்பாறையை நீக்காமல் நிறுத்தால் எண் தாழும். காற்றுக்குமிழி ஒட்டியிருந்தாலும் தாழும். நீரில் ஒரு துளி வழலைநீர் விட்டால் குமிழி அகலும். ஒரு கிராமுக்குக் குறைந்த கல்லுக்கு இத்துலை போதாது. மூன்று முறை நிறுத்து மூன்றும் ஒத்திருந்தாலே எண்ணை ஏற்க வேண்டும். அளவைக் கூடத்தில் பணிபுரிவோர்க்கு இதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஒரு கல் மட்டும் இங்கே சிக்கல் செய்யும். கார்னெட்டின் ஒப்படர்த்தி வகைக்கேற்ப 3.6 முதல் 4.3 வரை பரவுகிறது. இடையே குருந்தத்தின் நான்கும் அகப்பட்டுக் கொள்கிறது. நிறமும் ஒத்து எடையும் ஒத்தால் எவ்வாறு பிரிப்பது? வன்மையால் ஓரளவு பிரிக்கலாம். காந்தத்தால் இன்னும் எளிதாகப் பிரிக்கலாம். இரும்பு மிக்க கார்னெட்டை நூலில் தொங்கவிட்டு, நியோடிமியக் காந்தத்தை அணுக்கமாகக் காட்டினால் கல் மெல்ல இழுபடும். இளஞ்செங்குருந்தம் அசையாது. ஒளியாலும் பிரிக்கலாம். கார்னெட்டும் இசுபைனலும் புகும் ஒளியை ஒரே கதிராக விடுவன; குருந்தம் ஒளியை இரண்டாகப் பிரிப்பது. கணிப்பொறித் திரை பெரும்பாலும் ஒருமுகப்பட்ட ஒளியையே வெளியிடும். வெண்திரையின் முன் கல்லைப் பிடித்து, அவ்வகை ஒளித்தடுப்பு வில்லையுள்ள கண்ணாடி ஒன்றைக் கல்லுக்கும் கண்ணுக்கும் இடையே வைத்துத் திரை கருக்கும்வரை திருப்ப வேண்டும். பின்னர்க் கல்லை மட்டும் ஒரு முழுச்சுற்று சுற்றினால் குருந்தம் நான்குமுறை ஒளிர்ந்து நான்குமுறை இருளும். கார்னெட்டு இருண்டே இருக்கும். குருந்தத்திலும் ஒரு திசையில் நோக்கினால் ஒளி பிரிவதில்லை. ஆதலால் இரண்டு மூன்று திசைகளில் பார்த்தபின்னரே முடிவு கூற வேண்டும். ஒளி ஊடுருவாத கல்லுக்கு இம்முறை உதவாது. பணத்தாள் பார்க்கும் புறஊதா விளக்கை இருட்டில் காட்டினால் குரோமியமுள்ள குருந்தம் கனல்போல் சிவந்து ஒளிர்வதும் உண்டு. இரும்பு கலந்திருந்தால் அவ்வொளி மங்கும். இசுபைனலும் ஒளிரக் கூடும். துணைச்சான்றாக மட்டும் அதைக் கொள்க.

இத்துணை ஆய்விலும் தேறிய கல் குருந்தம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது மண் ஈன்றதா, மனிதன் ஆக்கியதா என்னும் வினா எஞ்சுகிறது. 1902-இல் பிரான்சு நாட்டு வெர்னாயில், அலுமினியச் சேர்மத்தின் நுண்தூளை எரிசுடரின் ஊடே சொரிந்து உருக்கிச் சொட்டுச்சொட்டாய்த் திரளச்செய்து மாணிக்கம் ஆக்கும் முறையை வெளியிட்டார். அவ்வாறு ஆக்கிய கல்லின் வன்மையும் ஒன்பதே, ஒப்படர்த்தியும் நான்கே, ஒளியை இரண்டாய்ப் பிரிப்பதும் அவ்வாறே. அதனைப் போலிக்கல் என்று தள்ளுவது பிழை. பொருளால் அது குருந்தமே. 1960 மே 16-ஆம் நாள் அமெரிக்காவில் மேமன் என்பார் உலகின் முதல் லேசர் ஒளியை எழுப்பியது, ஆலையில் வளர்த்த ஓர் இளஞ்சிவப்புக் குருந்தக்கோலிலிருந்துதான். பின்னாளில் வேறு பொருள்களால் லேசர் ஆக்கக் கற்றனர். இன்று தகட்டை வெட்டும் ஒளிக்கும் அந்தக் கோலே மூதாதை. ஆயினும் நகைக்கடையில் ஆலைக்கல்லை மண்ணீன்ற கல்லென்று விற்பது ஏமாற்றே. இதைப் பிரித்தறிய உருப்பெருக்கியே வழி. ஆலைக்கல்லின் உள்ளே வளர்ச்சிக்கோடுகள் இசைத்தட்டின் வரிபோல் வளைந்திருக்கும். உருண்டைக் குமிழிகளும் காணலாம். மண்ணீன்ற கல்லில் கோடுகள் நேராகவும் கோணமாகவும் ஓடும். பட்டிழை போன்ற நுண்ணூசிகள் மூன்று திசையில் பின்னியிருப்பதும் உண்டு. களைக்கொத்தில் அகப்பட்ட கரடுமுரடான கல்லுக்கு இவ்வையம் எழாது. திருச்சிராப்பள்ளிப் பக்கம் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டும் கைவினைஞரோ இக்குறிகளை நம்மினும் நன்கறிவர்.

ஒரகடத்துக்கு அணித்தேயுள்ள வடக்குப்பட்டில் இந்தியத் தொல்லியல் துறை 2022-இல் அகழ்ந்தபோது பழங்கற்கருவிகள் வெளிப்பட்டன. 1863-இல் பல்லாவரத்தில் இராபர்ட்டு புரூசு ஃபூட்டு கண்டெடுத்த கைக்கோடரி இந்தியத் தொல்லாய்வின் தொடக்கமாயிற்று. இக்கருவிகளைச் செய்தவர் எந்தக் கல் கூராக உடையும், எது பொடியும் என்பதைத் தட்டியும் தூக்கியும் அறிந்து தேர்ந்தவர். நிறம் அவர்க்குப் பொருட்டன்று.

இளைஞரின் கல்லுக்கு விலை என்ன என்று தாயார் கேட்பார். குருந்தம் என்று கண்ட அளவிலேயே இலக்கக் கணக்கில் பணம் வரும் என்று எவரும் ஆசை காட்டலாகாது. நம் நாட்டுக் குருந்தத்தில் பெரும்பகுதி ஒளி ஊடுருவாதது; விரிசல் மலிந்தது; சாணைக்கே உரியது. விளக்கின்முன் பிடித்தால் ஓரத்திலேனும் ஒளி புகுந்து சிவக்கும் கல் அரிது. அவ்வாறு சிவந்தால் அதனைத் தரகரிடம் காட்டுமுன் மணியாய்வுக் கூடத்தில் காட்டிச் சான்றிதழ் பெறுதல் வேண்டும். ஒளி புகாதாயின் தரகர் நீட்டிய தொகை தாழ்வன்று என்பதையும் நேர்மையாய் ஒப்ப வேண்டும். அவர் சொன்ன 'வெறுங்கல்' என்பதுதான் தவறு. ஒரு கல் கிடைத்ததென்று வரப்பைத் தோண்டத் தொடங்குவதோ சட்டத்துக்கு மாறு. கனிமம் அகழ அரசின் இசைவு வேண்டும். மாவட்டந்தோறும் நிலவியல் மற்றும் சுரங்கத்துறை அலுவலகம் இருக்கிறது. கேட்க அங்கே செல்லலாம்.

கல்லைத் திரும்ப முடிந்து வைக்குமுன் இளைஞர் ஒரு சிறு தாளில் எழுதி அதனோடு வைக்கட்டும்: கிடைத்த ஊர், கிடைத்த வயல், திங்கள், ஆண்டு, வெறும் எடை 8 கிராம், நீரெடை 6 கிராம், ஒப்படர்த்தி 4, வெங்கச்சங்கல்லைக் கீறியது, காந்தத்துக்கு இசையவில்லை, அறுபட்டை, முனை தேய்ந்தது, ஒளி புகவில்லை, பெயர் குருந்தம்.